இன்ஷிராவின் மூச்சைத் தள்ளுபடி செய்த மணிக்கூடு

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

என் உரைக்கு மூன்றே மூன்று நிமிடம் என்று மூன்று விரலைக் காட்டி, காட்டிய விரலை இன்னும் மடக்காமல் வைத்திருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர், பண்பின் பாறை பாறூக் ஹாஜியார் அவர்களே. அவருக்குப் பக்கத்தில் பட்டியலும் பேனையும் பளபளக்கும் கைபேசியுமாகப் பரபரத்துக்கொண்டிருக்கும் செயலாளர், தெரிவுக் குழுவின் திலகம், தம்பி நிஸ்தார் அவர்களே. ஒரு தடவை விசில் ஊதினால் வாவியிலுள்ள மீனெல்லாம் உயர ஒழுங்கில் வந்து வரிசையாக நிற்கும் என்று நான் உறுதியாக நம்பும் விளையாட்டு ஆசிரியை ஸில்மியா ரீச்சர் அவர்களே. புளியந்தீவிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கே பேசச் சொல்லிவிடுவார்களோ என்று கடைசி வரிசையில் கதவோரம் பதுங்கியிருக்கும் என் பழைய நண்பர் ஜெயராஜா சேர் அவர்களே, உங்களுக்கு என் தனி வணக்கம். முன்வரிசையை முழுமையாக நிறைத்திருக்கும் மூத்தவர்களே. மூத்தவர்கள் முறைக்கும்போதும் முகம் கோணாத தாய்மார்களே. நாளை விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மாகாணப் போட்டிக்குப் பஸ் ஏறவிருக்கும் மாணவச் செல்வங்களே. உங்கள் அனைவருக்கும், இங்கே சொன்னால் அக்கரையில் நிற்கிறவர் பதில் சொல்லும் அளவுக்கு உரத்த ஒரு ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் போதாது. மாகாணப் போட்டிக்குப் பிள்ளை அனுப்புகிற ஊரின் மூச்சு இவ்வளவுதானா? ஆங், இப்போது சரி.

பெரியோர்களே, ஏறாவூரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் இந்த முகைதீன்பாவா, வாழ்த்துரை வழங்க அழைக்கப்பட்டவன். ஏன் அழைத்தார்கள்? நாற்பது தண்ணீர்ப் போத்தல் அன்பளிப்புச் செய்தேன். நாற்பது போத்தலுக்கு மூன்று நிமிடம். வாழ்த்தத்தான் வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, வாழ்த்துவதற்கென்று எட்டு உவமை எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் மேடையேறி அந்தப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருக்கும்போது என்னால் எப்படி வாழ்த்த முடியும்? வாயைத் திறந்தால் வாழ்த்து வரவில்லை. வயிற்றிலிருந்து நெருப்பு வருகிறது.

அந்தப் பன்னிரண்டாவது பிள்ளையின் பெயர் இன்ஷிரா. வயது பதினான்கு. என் தங்கை றம்லாவின் மகள்.

யாரது பின்னால் சத்தம் போடுவது? "சொந்தக்காரப் புள்ளைக்காகக் கதைக்கிறார்" என்கிறீர்களா? ஓம், கதைக்கிறேன். மருமகளுக்காக மாமன் கதைக்காமல், மாலைதீவிலிருந்து ஆள் எடுப்பீர்களா? உட்காருங்கள் ராசா.

சென்ற மாதம் வலயப் போட்டியில் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது யார்? இன்ஷிரா. எத்தனை நேரத்தில்? ஐந்து நிமிடம் இருபத்தொரு செக்கன். அவள் கடந்துபோன காற்றில் ஒரு நடுவருடைய தொப்பி பறந்தது. அது இன்னும் தரையிறங்கவில்லை. நேற்றுக்கூட ஏதோ ஒன்று மேகத்துக்குள் சுற்றுவதை நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அப்படி ஓடியவளை, நம் பாடசாலையின் தெரிவுக் குழு பட்டியலிலிருந்து வெட்டியது. சிவப்புப் பேனையால் வெட்டியது. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டால், அவளுக்கு மூச்சு வாங்குகிறதாம்.

தாய்மார்களே, நான் கேட்கிறேன். ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடிய பிள்ளைக்கு மூச்சு வாங்காமல், வேறு யாருக்கு மூச்சு வாங்க வேண்டும்? அதைக் கதிரையில் குந்தியிருந்து பார்த்தவருக்கா?

நடந்ததைச் சொல்கிறேன். இறுதிக் கோட்டைத் தாண்டியதும் இன்ஷிரா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். அவ்வளவுதான். நம் குழுவின் பெரியவர்கள் பந்தலுக்குள் இருந்து அதைப் பார்த்தார்கள். வெற்றியைப் பார்க்கவில்லை, வேகத்தைப் பார்க்கவில்லை, மூச்சை மட்டும் பார்த்தார்கள். "என்ன இந்தப் புள்ளைக்கு இப்பிடி இளைக்குது? மாகாணத்தில போய் விழுந்தா நமக்குத்தானே கேவலம்" என்று ஒருவர் தொடங்கினார். "நெஞ்சில ஏதும் குறையிரிக்கும்" என்று இன்னொருவர் சேர்த்தார். மாலையாவதற்குள் அந்தப் பிள்ளைக்கு நான்கு வருத்தம் கண்டுபிடித்துவிட்டார்கள், மருந்து ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமல்.

மறுநாள் தம்பி நிஸ்தார் என் கடைக்கு வந்தார்.

"காக்கா, உங்கட மணிக்கூட்ட ஒருக்காத் தாங்க."

"என்னத்துக்கு தம்பி?"

"இன்ஷிராட ஒட்சிசன் அளக்கணும். ஓடக்குள்ள உடம்பு எவ்வளவு ஒட்சிசன் எடுக்குது எண்டு அது காட்டுமாமே."

காட்டுமா என்றா கேட்கிறீர்கள்? பதினேழு வருடம் கட்டாரில் லொறி ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது தோஹாவில் வாங்கிய மணிக்கூடு அது. இதயத்துடிப்பைக் காட்டும். உறக்கத்தைக் காட்டும். காத்தான்குடியில் யாராவது தும்மினால் என் கையில் அதிரும். இந்த ஊரில் அந்த மணிக்கூட்டைப் பார்க்காத கண் இல்லை. பார்க்காதவரை நானே தேடிப் போய்க் காட்டியிருக்கிறேன். கேட்டவுடன் கழற்றிக் கொடுத்தேன். பெருமையோடு கொடுத்தேன். அந்தப் பெருமைக்குத்தான் இன்று இங்கே நின்று வேர்க்கிறேன்.

நான் அன்று மைதானத்தில் இல்லை. இனிச் சொல்வது ஸில்மியா ரீச்சர் சொன்னது. மணிக்கூட்டின் பட்டி இன்ஷிராவின் கைக்குப் பெரிது. இறப்பர் வளையம் போட்டு இறுக்கினார்கள். மைதானத்தை நான்கு சுற்று ஓடு என்றார்கள். ஓடினாள். நின்றதும் மணிக்கூடு அதிர்ந்து, சிவப்பு எழுத்தில் ஒரு சொல் வந்தது. அரபுச் சொல். தோஹாவில் வாங்கியபோது இருந்த மொழியை நான் மாற்றவேயில்லை. கையில் அரபு ஓடினால் ஒரு கௌரவம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நம் ஊரைப் பற்றி ஒரு விஷயம். நாம் எல்லோரும் மதரஸாவில் அரபு எழுத்தை ஓதப் பழகியவர்கள். ஒரு சொல்லைக் காட்டினால் எழுத்துக் கூட்டி ஓதிவிடுவோம். பொருள் என்னவென்று கேட்டால் ஒருவரையொருவர் பார்ப்போம். ஆனால் தம்பி நிஸ்தாரின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். அவர் எழுத்துக் கூட்டினார். ழாத், ஐன், யா, ஃபா. வந்த சொல், ழயீஃப்.

ழயீஃப். அந்தச் சொல்லுக்கு மட்டும் இந்த ஊரில் பொருள் தெரியாதவர் யாருமில்லை. வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். பலவீனமானது. ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியை, ழயீஃப் என்று மார்க்கம் படித்த ஆலிம் சொல்லிவிட்டால், அதை ஆதாரமாக எடுக்க மாட்டோம், ஓரமாக வைத்துவிடுவோம். அதே சொல் மணிக்கூட்டில் வந்ததும், நின்ற பத்துப் பேரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்களாம். ஏதோ வானத்திலிருந்து இறங்கிய சொல்லாம். பிறகு ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிச் சொன்னாராம்: "ழயீஃப் எண்டு வந்திட்டு. இனி எடுக்கப்படாது. தள்ளத்தான் வேணும்."

ஸில்மியா ரீச்சர் விட்டாரா? "சேர், ஓடி வெண்ட புள்ள. அஞ்சு நிமிசம் இருபத்தொரு செக்கன். நேரம் என்ட கையால எழுதி இரிக்கி" என்று புத்தகத்தைத் திறந்து காட்டினார். என்ன பதில் கிடைத்தது தெரியுமா? "ரீச்சர், அது நீங்க கையால அமத்தின மணி. இது மெஷின்."

கேட்டீர்களா சபையோரே? இருபது வருடம் மைதானத்து வெயிலில் நின்ற ஆசிரியையின் கண் வெறும் கண். மூன்று வருடம் என் கையில் வியர்வை குடித்த மணிக்கூடு மகான்.

யாரைக் கேட்டீர்கள் நீங்கள்? வைத்தியரைக் கேட்டீர்களா? ஆசிரியையைக் கேட்டீர்களா? பெற்ற தாயைக் கேட்டீர்களா? ஓடிய பிள்ளையைக் கேட்டீர்களா, "மகள், உனக்கு ஏதும் செய்யுதா" என்று ஒரு வார்த்தை? ஒரு தீக்குச்சிப் பெட்டி அளவு சாமானைக் கேட்டீர்கள். அது சொன்னதும் பத்து ஆம்பிளைகள் தலையாட்டினீர்கள்.

மணியடிக்கிறார் தலைவர். மூன்று நிமிடம் முடிந்ததாம். ஹாஜியார், போத்தல் நாற்பது என்பதை எண்பதாக்குகிறேன். இன்னுமொரு மூன்று நிமிடம் தாருங்கள். சிரிக்கிறார். சிரித்தால் சம்மதம்.

சிரிப்பதை ஒருக்கால் நிறுத்துங்கள். இனிச் சொல்வது சிரிக்கிற விஷயமல்ல.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் தங்கை வீட்டுக்குப் போனேன். றம்லா வாசலிலேயே நின்றாள். "காக்கா, பின்பக்கம் போய் அந்தப் புள்ள செய்யிற வேலையப் பாருங்க. நான் சொன்னாக் கேக்குறாளில்ல" என்றாள். போனேன். கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் இன்ஷிரா ஓடிக்கொண்டிருந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினாள். மூக்கால்கூடச் சத்தம் வராமல் ஓடினாள். ஐந்தாவது தடவை வேலியடிக்கு வந்தபோது உதடு வெளுத்து, கண் செருகி, வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப் போய்த் தாங்கினேன்.

"என்ன மகள் இது? வாயத் திறந்து மூச்ச எடு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிறகு சொன்னாள்: "சத்தம் கேட்டாத்தானே மாமா ழயீஃப் எண்டுறாங்க. சத்தம் வராம ஓடப் பழகிட்டா எடுப்பாங்கதானே."

பெரியோர்களே. தாய்மார்களே. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, தன் மூச்சைப் பார்த்துத் தானே வெட்கப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். உடம்பு ஒட்சிசன் கொண்டா, ஒட்சிசன் கொண்டா என்று கத்துகிறபோது, ஊர் என்ன சொல்லுமோ என்று அவள் கதவைப் பூட்டுகிறாள். எந்தப் பகைவன் செய்வான் இதை? நாம் செய்தோம். தேநீர் குடித்துக்கொண்டு, கையொப்பம் வைத்து, கூட்டக் குறிப்பில் எழுதிச் செய்தோம்.

அன்றிரவு உறங்கவில்லை நான். மறுநாள் ஸில்மியா ரீச்சரையும் றம்லாவையும் இன்ஷிராவையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனேன். முதலில் வைத்தியசாலை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், சுருள் சுருளாகத் தாளில் இதயத்தை எழுதிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையுமில்லை. கடிதம் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. அந்த வைத்தியர் அம்மா ஒரு சொல் சொன்னார். அதை இங்குள்ள ஒவ்வொரு உம்மாவும் கேட்க வேண்டும். ஒட்சிசனைச் சுமப்பது இரத்தம். இரத்தத்தில் அதைத் தூக்கிப் போவதற்கு இரும்புச் சத்து வேண்டும். இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அது மாதாமாதம் குறையும். ஏன் என்று தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓடுகிற பிள்ளை சோர்ந்து போனால் இரத்தத்தைப் பரிசோதியுங்கள், ஈரலும் கீரையும் கொடுங்கள் என்றார். இன்ஷிராவுக்கு அது நிறைவாக இருக்கிறது. இந்த ஊரில் எத்தனை பிள்ளைக்குக் குறைவாக இருக்கிறதோ, அதை எந்தக் குழு பார்த்தது? மணிக்கூட்டைப் பார்க்க நேரமிருந்தவர்களுக்கு, பிள்ளையின் சோற்றுக் கோப்பையைப் பார்க்க நேரமில்லை.

அங்கிருந்து புளியந்தீவு. ஜெயராஜா சேர் முப்பது வருடம் உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவர். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கோட்டைக்குப் பக்கத்தில் வாவிக்கரைப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பாவா, நீயும் ஓடு" என்றார்.

"நானா? எனக்கு ஐம்பத்து மூன்று வயசு சேர். தொண்ணூற்று நாலு கிலோ."

"அதுக்காகத்தான் ஓடச் சொல்லுறன்."

மாமனும் மருமகளும் ஓடினோம். முந்நூறு மீற்றர் இருக்கும். நான் ஓடியதைப் பார்த்தவர்கள் முப்பது மைல் என்று நினைத்திருப்பார்கள். நான் ஓடிய அதிர்வில் வாவி இரண்டு அங்குலம் கரையேறியது. நின்றோம். இன்ஷிரா குனிந்தாள், இரைக்க இரைக்க மூச்சு வாங்கினாள். ரீச்சர் தன் மணிக்கூட்டைப் பார்த்து நின்றார். இரண்டு நிமிடம். பிள்ளை நிமிர்ந்து, "மாமா, ஐஸ்கிறீம் வாங்கித் தாறீங்களா" என்று கேட்டாள். மாமன் எங்கே? மாமன் புல்லில் கிடந்தான். ஐஸ்கிறீம்காரர் கிட்ட வந்து பார்த்து, உயிர் போகுமுன் கலிமா சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பதினைந்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு என் பெயர் நினைவு வந்தது.

அப்போது ஜெயராஜா சேர் சொன்னார். அவர் சொன்னதை என் கடைப் பாஷையில் சொல்கிறேன். பிழையென்றால் சேர் கையைத் தூக்கட்டும்.

உதிரிப்பாகக் கடைக்காரனுக்கு எஞ்சின் தெரியும். லொறி எஞ்சின் பெரிது, மெதுவாகச் சுற்றும். ஸ்கூட்டி எஞ்சின் சிறிது, விர்ரென்று சுற்றும். இரண்டும் நல்ல எஞ்சின். லொறியின் மீற்றரைக் கழற்றி ஸ்கூட்டியில் மாட்டினால் என்ன காட்டும்? முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கும். எஞ்சின் வெடிக்கப் போகிறது என்று காட்டும். வெடிக்காது. அது அப்படித்தான் சுற்றும்.

பதினான்கு வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்கூடு என்னுடையதைவிடச் சிறிது. ஒரு மூச்சுக்கு உள்ளே போகிற காற்றும் சிறிது. ஆகவே அவள் பல மூச்சு எடுக்கிறாள். விரைந்து எடுக்கிறாள். முழு வேகத்தில் ஓடும்போது அவளுடைய இதயம் நிமிடத்துக்கு இருநூறு தடவைகூடத் துடிக்கும். எனக்கு அப்படித் துடித்தால் நீங்கள் கபுறுக் குழி வெட்ட வேண்டியதுதான். அவளுக்கு அது சாதாரணம். இன்னும் கேளுங்கள். ஓடத் தொடங்கியதும் தசை ஒட்சிசன் கேட்கிறது. என் உடம்பு அரசாங்கக் கந்தோர் மாதிரி. விண்ணப்பம் போய், கையொப்பமாகி, ஒட்சிசன் வந்து சேர நேரமெடுக்கும். சின்னப் பிள்ளைகளின் உடம்பு கேட்டவுடன் வேகமாகக் கொண்டுவந்து கொடுக்கும். வளர வளர அந்த வேகம் குறைந்துகொண்டு வரும். இன்ஷிரா வயதுப் பிள்ளைகளிடம் அது இன்னும் நம்மைவிட மிச்சமிருக்கிறது. ஓடி முடிந்த பிறகு ஆறுவதும் அப்படித்தான். அவள் இரண்டு நிமிடத்தில் ஐஸ்கிறீம். நான் பதினைந்து நிமிடத்தில் கலிமா.

சேர், சரிதானே? கையைத் தூக்கவில்லை. தலையை ஆட்டுகிறார். சரியாம்.

அப்படியானால், பந்தலுக்குள் இருந்த பெரியவர்கள் பார்த்துப் பயந்த அந்த மூச்சு என்ன? நோயா? இல்லை. அது அவளுடைய உடம்பு கடமையைச் செய்கிற சத்தம். அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

"கிலோக் கணக்கு" என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். தெரியும், அதையும் குழுவில் பேசியிருக்கிறீர்கள். போன வருடம் முப்பத்தெட்டுக் கிலோ, இந்த வருடம் நாற்பத்து நான்கு, பிள்ளை பாரமாகிவிட்டது, எடுக்கிற ஒட்சிசனை உடம்பின் கிலோவால் பிரித்தால் குறையும் என்று. ஏன் குறையாது? வளர்கிற வருடத்தில் உடம்பு முழுவதும் எடுக்கிற ஒட்சிசன் கூடுகிறது, கிலோவும் கூடுகிறது, பெண்பிள்ளைகளுக்குக் கிலோ சிலவேளை ஒரு எட்டு முந்திப் போகிறது. அதைப் பிரித்துவிட்டு, பிள்ளை தேய்ந்துவிட்டாள் என்கிறீர்கள். வளர்ந்ததற்கு ஒரு தண்டனையா? நீங்களெல்லாம் வளரும்போது பாரமாகவில்லையா? உங்களில் சிலர் இன்னும் நிறுத்தவில்லையே.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ழயீஃப்.

ஆலிம்கள் ஒரு செய்தியை எப்படிப் பார்ப்பார்கள்? எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். சொன்னது என்ன என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று ஒவ்வொரு ஆளாக விசாரித்துக்கொண்டு பின்னோக்கிப் போவார்கள். நடுவில் ஒருவர் பொய்யர் என்று தெரிந்தால் அந்தச் செய்தியை ஏற்கமாட்டார்கள். பெரியோர்களே, அந்த ஒழுங்கையாவது நீங்கள் கடைப்பிடித்தீர்களா? இன்ஷிரா ழயீஃப் என்று உங்களுக்குச் சொன்னது யார்? மணிக்கூடு. மணிக்கூட்டுக்குச் சொன்னது யார்? அதோடு இணைத்த என் கைபேசி. கைபேசிக்குச் சொன்னது யார்?

வாவிக்கரையில் ஜெயராஜா சேர் என்னிடம் கேட்ட கேள்வி அதுதான். "பாவா, இந்த மணிக்கூடு தன்னை ஆர்ர கையில இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு? வயசு, பாரம் எல்லாம் குடுத்திருப்பியே, என்ன குடுத்தாய்?" நான் ஐஸ்கிறீமைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நாளாக யாருக்கும் சொல்லவில்லை. இப்போது, இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால், என் மனைவி பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்கிறேன்.

இரண்டு வருடமாக நான் தேநீர்க் கடையில் கையை நீட்டிக் காட்டியிருக்கிறேனே, "என்ட மணிக்கூடு என்ட உடம்பு மிகச் சிறப்பு எண்டு சொல்லுது" என்று. நீங்களும் "மாஷா அல்லாஹ், காக்கா" என்றீர்களே. அது பொய். தோஹாவில் முதலில் உண்மையான வயதைத்தான் கொடுத்தேன். ஐம்பத்து மூன்றும் ஆகவில்லை அப்போது. மணிக்கூடு என்னை மோசம் என்றது. பிறகு வயதைக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு: சுமார். அறுபத்து மூன்று: பரவாயில்லை. அறுபத்தெட்டு என்று போட்டேன். அறுபத்தெட்டு வயதுக் கிழவனுக்கு இந்த உடம்பு மிகச் சிறப்பு என்றது. அப்படியே விட்டுவிட்டேன்.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். உலகத்தில் வயதைக் குறைத்துச் சொன்னவர்கள் கோடி. கூட்டிச் சொல்லிப் பெருமை தேடிய ஒரே மனிதன் உங்கள் முன்னால் நிற்கிறான். என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டில் பேசிக்கொள்வோம்.

ஆகவே அன்று மைதானத்தில் மணிக்கூடு அளந்தது யாரை? அறுபத்தெட்டு வயதான, தொண்ணூற்று நாலு கிலோப் பாரமான ஓர் ஆண்பிள்ளையை. அந்தக் கிழவருடைய இதயம் நிமிடத்துக்கு இருநூறு துடிக்கிறது. பாவம், மணிக்கூடு ஜனாஸா அடக்கத்துக்கு அறிவிக்காமல் ழயீஃப் என்று மட்டும் சொன்னதே அதன் பொறுமை. அது இன்ஷிராவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் என்னைப் பற்றி. அந்தச் செய்தியின் அறிவிப்பாளர் வரிசையில் பொய்யன் நான். பலவீனமானது நான். தள்ள வேண்டியது என்னை.

தம்பி நிஸ்தார் எழும்பி நிற்கிறார். என்ன தம்பி? கேட்கவில்லை, உரத்துச் சொல்லுங்கள். "காக்கா, மணிக்கூட்டத் தரக்குள்ளயே இதச் சொல்லியிருக்கலாமே. நான் அந்தப் புள்ளைட பேர என்ட கையால வெட்டினன்."

சொல்லியிருக்கலாம் தம்பி. சொல்லியிருக்க வேண்டும். தேநீர்க் கடையில் முகம் போய்விடும் என்று வெட்கப்பட்டேன். ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை தன் வயதை மறைக்க, பதினான்கு வயதுப் பெண்பிள்ளை தன் மூச்சை மறைத்தாள். அதுதான் கணக்கு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, குறையவில்லை. ஆனால் அதில் பெரிய பங்கு இந்த வெள்ளைச் சட்டைக்குள் நிற்கிறவனுக்கு.

ஆனால் ஒன்று. நான் உண்மையான வயதைக் கொடுத்திருந்தாலும், இன்ஷிராவின் வயதையே கொடுத்திருந்தாலும், ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் நடப்பதைக் கையில் கட்டிய சாமான் ஊகித்துத்தான் சொல்லும். அவள் ஓடியதை ஊகிக்கத் தேவையில்லை. ஓடினாள். ஐந்து நிமிடம் இருபத்தொரு செக்கன். ஊரே பார்த்தது. நேரில் நடந்ததை விட்டுவிட்டு ஊகத்தை எடுத்துக்கொண்ட குழுவை நான் கண்டிக்கிறேன். இந்த ஒலிபெருக்கி உடையும்வரை கண்டிக்கிறேன்.

இப்போது நேரம் நாலு ஐம்பது. வீராங்கனைகளின் பட்டியல் ஐந்தரைக்குள் வலயக் காரியாலயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அது இன்னும் இந்த மேசையில்தான் கிடக்கிறது. தலைவர் அவர்களே, கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். வெட்டிய பெயரை எழுதுங்கள்.

ஹாஜியார் ஒலிபெருக்கியை வாங்குகிறார். கேளுங்கள் எல்லோரும்.

"பாவா, உன்ட மணிக்கூட்ட விடு. அங்க போய் அந்தப் புள்ள விழுந்திட்டா ஆரு பொறுப்பு? உம்மா வாப்பாக்கு நான்தானே பதில் சொல்லணும்."

நியாயமான கேள்வி. இந்த இரண்டு கிழமையில் முதன்முதலாகக் கேட்கப்பட்ட நியாயமான கேள்வி. இதோ வைத்தியசாலைக் கடிதம், உங்கள் கையிலேயே தருகிறேன். ஸில்மியா ரீச்சர் கூடப் போகிறார். றம்லா பஸ்ஸில் ஏறுகிறாள். ஆனால் ஹாஜியார், நீங்கள் பதில் தேட வேண்டிய இடம் இவை எதுவுமில்லை. அவள் மூன்றாவது வரிசையில் உம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

கேட்கிறார். "மகள் இன்ஷிரா. எழும்பு மகள், பயப்பிடாத. நாளைக்கு ஓடுவியா?"

எழும்பிவிட்டாள். சபையோரே, சத்தம் போடாதீர்கள், பிள்ளையின் குரல் சிறியது. அவள் சொல்வதை நான் அப்படியே ஒலிபெருக்கியில் சொல்கிறேன். "ஓடுவன் ஹாஜியார்." ஓடுவாளாம். இன்னும் ஏதோ சொல்கிறாள். சொல்லு மகள். "ஆனா மூச்சு வாங்கும். சத்தமா வாங்கும்."

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். துடைக்கிறார். "வாங்கட்டும் மகள்" என்கிறார். "நல்லா வாங்கட்டும்."

தம்பி நிஸ்தார் பட்டியலை இழுத்துவிட்டார். எழுதுகிறார். வெட்டிய கோட்டுக்கு மேலேயே எழுதுகிறார். ஆங், கையொப்பமும் விழுந்துவிட்டது. தம்பி, மோட்டார் சைக்கிளை எடுங்கள், காரியாலயத்துக்குப் பறந்து செல்லுங்கள். கதவு பூட்டியிருந்தால் பூட்டோடு கழற்றிக்கொண்டு உள்ளே போங்கள்.

இனி வாழ்த்துகிறேன். எழுதி வந்த எட்டு உவமையும் வேண்டாம், அவ்வளவும் வெறும் பொய். பன்னிரண்டு பிள்ளைகளே, நாளை ஓடுங்கள், பாயுங்கள், எறியுங்கள். வெல்லுங்கள், வெல்லாவிட்டாலும் வாருங்கள். கூடப் போகும் பெரியவர்களே, உங்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். ஆயிரத்தைந்நூறு மீற்றர் முடிந்து அந்தப் பிள்ளை முழங்காலில் கையூன்றிக் குனிவாள். ஓடிப்போய்ப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். தண்ணீரோடு கிட்ட நில்லுங்கள். அவள் வாயைத் திறந்து, மைதானத்துக் காற்றையெல்லாம் கூச்சமில்லாமல் இழுத்து எடுக்கட்டும். அவளுக்குப் போக மிச்சமிருப்பதை நாம் எடுத்துக்கொள்வோம்.

மணியடித்தும் இறங்காத என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், பொய்யனை மன்னித்த, மன்னிக்காத எல்லோருக்கும், பேசாமலே துணை நின்ற ஜெயராஜா சேருக்கும் நன்றி. இப்போது வீட்டுக்குப் போக எனக்குத்தான் பயமாக இருக்கிறது. என் மனைவி இன்னும் சிரிக்கவில்லை. உங்கள் எல்லோர்மீதும் சாந்தி நிலவட்டும், முடிந்தால் என் வீட்டிலும்.

வஸ்ஸலாம்.